சாட்சியாக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறிய ஜெபக் கூட்டம் நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டைக் கவனிக்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். அலுவலகத்திலும் தெருவிலும் சொந்தக் குடும்பத்திலும் இயேசுவை அறியாதவர்களோடு எப்படி வாழ்வது என்பதுதான் அதில் பாதிக்கு மேல். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கொடுத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. உங்கள் சபைப் போதகர் வேறுவிதமாகச் சொன்னால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சாட்சியா வாழணும்னு பிரசங்கத்துல சொல்லிக்கிட்டே இருக்காங்க. அப்படின்னா நான் என்னதான் செய்யணும்?

ஆள் சேர்ப்பது சாட்சி இல்லை. முதலில் இது மனதில் பதிய வேண்டும். கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவர் தான் கண்டதைச் சொல்கிறார். தீர்ப்பு அவர் கையில் இல்லை. ஆனால் அவர் பொய் பேசுகிறவர் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் அவர் கண்டது உண்மையாகவே இருந்தாலும் எடுபடாது. நம் நிலையும் இதுதான். இயேசு நமக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வாய் மற்ற நேரத்திலும் உண்மை பேசுகிற வாயாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இது சின்னச் சின்ன காரியங்களில்தான் இருக்கிறது. வாங்கிய கைமாற்றைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பது. அலுவலகத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேச்சு எழும்பும்போது அதில் சேராமல் இருப்பது. இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். பத்து வருடம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு இவைதான் தெரியும்.

நல்லபடியா வாழ்ந்தா போதாதா? வாயைத் திறந்து சொல்லியே ஆகணுமா?

நல்லபடியாக வாழ்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், மதமே இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். நீங்கள் எதுவுமே சொல்லாவிட்டால், 'நல்ல மனுஷி' என்று உங்களைத்தான் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு ஆண்டவரிடம் போய்ச் சேராது.

ஆனால் எப்போது சொல்வது என்பதைப் பேதுரு அழகாக எழுதியிருக்கிறார். 'உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்' (1 பேதுரு 3:15). விசாரித்துக் கேட்கிறவருக்கு உத்தரவு. அப்படியென்றால் கேட்கத் தூண்டுகிற மாதிரி ஒரு வாழ்க்கை முதலில் இருக்க வேண்டும். சாந்தம், வணக்கம் என்ற இரண்டு வார்த்தைகளை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வணக்கம் என்றால் எதிரில் இருக்கிறவருக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நினைத்துப் பேசுவது.

எனக்குப் பேசவே வராது. வசனமும் ஞாபகத்துல நிக்காது. நான் எப்படிச் சாட்சி சொல்றது?

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடர் ஒருவர் பார்வை அடைகிறார். படித்த பரிசேயர்கள் அவரை மடக்கி மடக்கிக் கேட்கிறார்கள். அவரிடம் வேத பாண்டித்தியம் ஒன்றும் இல்லை. 'நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன். இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்' என்கிறார். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் அடிமையாக இருந்த இஸ்ரவேல் சிறுமியும் அப்படித்தான். தன்னைச் சிறைபிடித்து வந்தவர்களின் வீட்டில் நின்றுகொண்டு, 'எங்கள் ஊரில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் எஜமானுக்குக் குணமாகும்' என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள் (2 இராஜாக்கள் 5). அவளுடைய பெயர்கூட வேதத்தில் இல்லை.

உங்களுக்கு நடந்ததை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். 'அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே வராது, ஜெபம் பண்ண ஆரம்பித்த பிறகு மனசு அமைதியானது' என்றால் அது போதும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'தெரியலை, கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவதுதான் ஆபத்து.

ஆபீஸ்ல இயேசுவைப் பத்திப் பேசினா சட்டப்படி தப்பா?

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லாருக்கும் கொடுக்கிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் என்பவற்றுக்கு உட்பட்டுத்தான் அந்த உரிமை. 1977-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு விளக்கம் சொன்னது: பரப்புவது என்றால் தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. வேலை மாற்றலாகி வெளியூர் போகிறவர்கள் அந்த ஊர் நிலையை அங்குள்ள சபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேலை நேரம் சம்பளம் கொடுக்கிறவருக்குச் சொந்தம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊழியத்துக்குப் போவது திருட்டு. மதிய சாப்பாட்டு நேரத்தில், கேட்கிறவரிடம் பேசுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் 'சரி' என்பதற்கும் மதிப்பில்லை.

ஆயுத பூஜைன்னா ஆபீஸே கூடி நிக்குது. நான் மட்டும் ஒதுங்கி நின்னா திமிர்னு நினைக்கிறாங்க. பொரி, சுண்டல் குடுத்தா வாங்கலாமா?

எங்கள் கூட்டத்தில் இதைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி கிடையாது. நானும் முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் இதை வருடா வருடம் சந்தித்திருக்கிறேன், தடுமாறியும் இருக்கிறேன். முதலில் பிரித்துப் பாருங்கள். அறையைக் கூட்டுவது, மேஜை துடைப்பது, ஃபைல்களை அடுக்குவது எல்லாம் வேலை. அதில் எல்லாரையும்விட முந்தி நில்லுங்கள். ஆரத்தி எடுப்பது, கும்பிடுவது, குங்குமம் இட்டுக்கொள்வது வழிபாடு. அதில் நாம் சேர முடியாது. இதை அந்த நிமிஷத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டாமல், ஒரு வாரம் முன்பே, ஏற்பாடு செய்கிறவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். தானியேல் ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தபோது தட்டைத் தள்ளிவிடவில்லை. தன் மேல் பொறுப்பாக இருந்தவரிடம் வேண்டிக்கொண்டார், 10 நாள் சோதித்துப் பாரும் என்று ஒரு வழியும் சொன்னார். நான் பின்னாளில் கற்றுக்கொண்டது, பூஜை நேரத்தில் தொலைபேசியையும் முன் கவுன்ட்டரையும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவது. எல்லாரும் நிம்மதியாகப் போய்வந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று யாரும் கேட்காமலேயே எனக்காக இன்னொருவர் வேலை பார்த்தார்.

சாப்பாட்டு விஷயத்தில் பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 10:25-29). விருந்துக்குக் கூப்பிட்டால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், ஒன்றும் விசாரிக்காதீர்கள். 'இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது' என்று ஒருவர் சொன்னால் மட்டும், அப்படிச் சொன்னவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் சாப்பிட வேண்டாம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, 'சாமிக்குப் படைச்சதா?' என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பவுல் கேட்கச் சொல்லவே இல்லை. சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுங்கள். பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தால், 'தப்பா நினைக்காதீங்கக்கா, எனக்கு இது பழக்கமில்லை, நீங்க நினைச்சுக் கொண்டுவந்ததே பெரிசு' என்று சொல்லலாம். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு குப்பையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுடுகிறோமே, அதில் முதல் தட்டு அந்த வீட்டுக்குப் போகட்டும்.

வாட்ஸ்அப் குரூப்ல தினமும் வசனம் போடலாமா?

அபார்ட்மென்ட் குரூப், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப் போன்றவற்றில் வேண்டாம். அவை தண்ணீர் லாரிக்கும் வீட்டுப்பாடத்துக்கும் உள்ளவை. துக்கத்தில் இருக்கிற ஒருவருக்குத் தனியாக ஒரு வசனம் அனுப்பி, அன்று சாயங்காலமே நேரிலும் போய்ப் பாருங்கள்.

நான் கிறிஸ்டியன்னு தெரிஞ்சதுல இருந்து என் தப்பையே எல்லாரும் பார்க்கிறாங்க. ஒருநாள் கோபத்துல கத்திட்டேன். என் சாட்சி போயிடுச்சா?

நானும் கத்தியிருக்கிறேன். ஒரு ஆட்டோ ஓட்டுநரிடம், இருபது ரூபாய்க்காக, தெருவே கேட்கும்படி. 'கோயிலுக்குப் போறவங்க பேசுற பேச்சா இது' என்று அவர் கேட்ட பிறகுதான் என் கையில் வேதாகமம் இருந்ததே எனக்கு உறைத்தது. இரண்டு நாள் கழித்து ஸ்டாண்டுக்குப் போய், மற்ற ஓட்டுநர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் 'சரிங்கம்மா, விடுங்க' என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வழியாக நான் தலைகுனியாமல் போக முடிகிறது.

நாம் தவறே செய்யாதவர்கள் என்று காட்டுவது நம் செய்தி இல்லை. மன்னிக்கப்பட்டவர்கள் என்பதுதான் செய்தி. அதனால் மன்னிப்புக் கேட்பதும் சாட்சிதான். வரி வசூலிப்பவரான சகேயு இயேசுவைச் சந்தித்தபின், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். பணத்தில் தவறு செய்திருந்தால் மன்னிப்போடு பணமும் திரும்பிப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு கேன்சர். போய் ஜெபிக்கலாமா? குணமாகும்னு சொல்லலாமா?

போங்கள். முதல் தடவை கஞ்சியோ ரசமோ கொண்டுபோங்கள், அவர் பேசுவதைக் கேளுங்கள். 'உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' என்று ஒருமுறை அனுமதி கேளுங்கள். தலையசைத்தால் சத்தமில்லாமல், சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டில் ஜெபியுங்கள், போய்வருவதை நிறுத்தாதீர்கள்.

குணமாகும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆண்டவர் செய்யக்கூடியவர் என்று சொல்லலாம், கண்டிப்பாகச் செய்வார் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களை அந்த வீட்டுக்குள் அழைத்துப் போகவே கூடாது. கீமோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூடப் போக ஆள் இல்லை என்றால் நீங்கள் போகலாமே.

உதவி பண்ணினாலே மதம் மாத்தத்தான் வராங்கன்னு சொல்றாங்க. அப்போ உதவியே பண்ணாம இருந்திடலாமா?

இந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரிசி மூட்டையோடு கைப்பிரதியையும் நீட்டி, 'ஞாயிற்றுக்கிழமை வந்துடுங்க' என்று சொன்ன இடங்களும் உண்டு. அது வாங்குகிறவரைக் கூனிக்குறுக வைக்கிறது. உதவிக்கு நிபந்தனை வைக்காதீர்கள், சொல்லாமல் வைக்கிற நிபந்தனைகூட வேண்டாம்.

ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். மிஷனரி மருத்துவரான அப்பாவோடு திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவர் வரக் கூடாது என்றார்கள். இவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே ஆரம்பமானது. இன்றைக்கு எந்த ஊரிலிருந்தும் எந்த மதத்தவரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட உதவியைச் செய்துகொண்டே இருங்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இயேசு ஒரு இடத்துல 'நற்கிரியைகளைக் காணட்டும்'ங்கறார், இன்னொரு இடத்துல 'வலதுகை செய்றது இடதுகைக்குத் தெரியக் கூடாது'ங்கறார். எதைச் செய்றது?

மத்தேயு 5:16-இல் பார்க்கிறவர்கள் பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்கிறார். 6-ஆம் அதிகாரத்தில், மனுஷர் நம்மைப் புகழ வேண்டும் என்று தாரை ஊதுவதைக் கண்டிக்கிறார். விளக்கு யாரையும் கூப்பிட்டுத் தன்னைக் காட்டுவதில்லை. எரிகிறது, அறைக்குள் வருகிறவர்களுக்குத் தெரிகிறது. சேலை கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. சேலை வாங்கியவரின் பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

வீட்டுல ஜெபக் கூட்டம் வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. இது உபத்திரவம்தானே?

சில சமயம் உபத்திரவம்தான். சில சமயம் நம் ஸ்பீக்கர். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்னாலும்கூட, ஒரு ஹாலில் இருபது பேர் பாட மைக் எதற்கு? பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறது, எதிர்வீட்டுக் கேட்டை மறித்து நம் ஆட்களின் பைக்குகள் நிற்கின்றன. 'நீங்கள் குற்றஞ்செய்து அடிக்கப்படும்போது பொறுமையோடே சகித்தால், அதினால் என்ன கீர்த்தியுண்டு?' என்று பேதுருவே கேட்கிறார் (1 பேதுரு 2:20).

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மிரட்டல் வந்தால், அது வேறு விஷயம். சபை மூப்பர்களிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீஸிலும் சொல்லுங்கள். பவுலும் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி நியாயம் கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் இன்னும் ஆண்டவரை ஏத்துக்கல. தினமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், கோபம்தான் வருது அவருக்கு.

சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள், சகோதரி. இரண்டாவது கேள்வியில் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும் என்றேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், அவருக்குத் தெரியும். கணவன் விசுவாசிக்காத வீட்டுக்குப் பேதுரு சொல்லும் வார்த்தை 'போதனையின்றி' என்பது. மனைவியின் நடக்கையைப் பார்த்தே அவர் ஆதாயப்படுத்தப்படலாம் என்கிறார். வாரத்தில் நான்கு கூட்டங்களுக்குப் போய் அவருக்குச் சாப்பாடு ஆறிப்போகிறது என்றால், கூட்டங்களைக் குறையுங்கள். மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய் அடுப்படியில் வேலை செய்யுங்கள். எது முடியும், எது முடியாது என்பதற்கு ஆயுத பூஜைக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அடிக்கிறார் என்றால், பொறுத்துக்கொண்டு இருப்பதைச் சாட்சி என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பெற்றோரிடம், போதகரிடம் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எங்க குடும்பத்துல நான் மட்டும்தான் விசுவாசி. மூத்த பையன். அப்பாவுக்கு ஏதாவது ஆனா கொள்ளி வைக்கணுமே, என்ன செய்றது?

இது கண்ணீரோடு கேட்கப்பட்ட கேள்வி, நானும் லேசாகப் பதில் சொல்லத் துணியவில்லை. முதல் காரியம், அப்பா இருக்கும்போதே அவரிடமும் தம்பிகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். சுடுகாட்டில் வைத்து, எல்லார் முன்னாலும் 'மாட்டேன்' என்று சொன்னால் அந்தக் காயம் ஆறாது. பாடை தூக்குவது, குழி வேலைக்கும் வண்டிக்கும் செலவு செய்வது, அம்மாவின் பக்கத்திலேயே பதினாறு நாளும் இருப்பது எல்லாம் உங்களால் முடியும். மந்திரம் சொல்லிச் செய்யும் சடங்கையும் பிற்பாடு வரும் திவசத்தையும் தம்பி செய்யட்டும் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம். தீ மூட்டுவதை மட்டும் அப்பாவுக்குச் செய்யும் கடைசிப் பணிவிடை என்று ஏற்றுக்கொள்கிற போதகர்களும் உண்டு, வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. ஜெபித்து, உங்கள் மனச்சாட்சியின்படி முடிவெடுங்கள்.

ஆனால் உங்கள் சாட்சி அந்த ஒரு நாளில் இல்லை. காணிக்கை என்று காரணம் காட்டிப் பெற்றோரைப் பராமரிக்காமல் விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). சிலுவையில் தொங்கும்போதே தன் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவதும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது பார்த்துக்கொண்ட மகனை, கொள்ளி வைக்கவில்லை என்பதற்காக ஊர் எளிதில் தள்ளிவிடாது.

'உங்க சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறீங்களே, நீங்க என்னத்த எங்களுக்குச் சொல்றது'ன்னு ஒரு நண்பர் கேட்டார். வாயடைச்சுப் போச்சு.

வாயடைத்துப் போனது நல்லதுதான். அவர் சொன்னது உண்மை. தனிக் கல்லறை, சாதி பார்த்துப் பெண் எடுப்பது, சபைத் தேர்தலில் சாதி அணி எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்துச் சபையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகின்றன.

'அங்கேயும்தான் இருக்கு' என்று பதில் சொல்லாதீர்கள். 'ஆமா, இது எங்க பாவம்' என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, உங்கள் வீட்டுப் பந்தியில் யார் யார் உட்காருகிறார்கள், உங்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது எதைக் கேட்கிறீர்கள் என்பதை அந்த நண்பர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்க்க உரிமை உள்ளவர்.

என் சிநேகிதிக்காக இருபது வருஷமா ஜெபிக்கிறேன். அவ மாறவே இல்ல. போன வாரம் பேரன் பிறந்து முருகன் கோயிலுக்கு வேண்டுதல் வச்சிருக்கா. இத்தனை வருஷமும் வீணா?

தஞ்சாவூர் போனால் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் உள்ள ஸ்வார்ட்ஸ் ஐயர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்வார்ட்ஸ் ஐயர் ஜெர்மனியிலிருந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி, தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. போரும் பஞ்சமுமாகக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, அரசாங்கத்தின் வாக்கை நம்பாத விவசாயிகள், ஐயரின் வாக்கை நம்பி மாடுகளைக் கொடுத்தார்கள், நெல் உள்ளே வந்தது. துளஜா மகாராஜா சாகும்போது, தத்துப்பிள்ளை சரபோஜியை அவரிடம்தான் ஒப்படைத்தார். ஐயர் அந்தப் பிள்ளையைத் தகப்பனைப் போலக் காத்தார். 1798-இல் ஐயர் இறந்தார், அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் இங்கிலாந்தில் பளிங்கில் ஒரு சிற்பம் செய்யச் சொல்லி அந்த ஆலயத்தில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னர் நிற்கிறார்.

'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்று பவுல் சொல்வதில் (1 கொரிந்தியர் 3:6) விளையச் செய்வது நம் பங்கில் இல்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர் தன் அன்பைக் கணக்குப் பார்த்திருந்தால், சரபோஜியைப் பாதியிலேயே விட்டிருப்பார். நீங்களும் விடாதீர்கள். மாற்ற வேண்டிய ஆளாக அல்ல, சிநேகிதியாகவே அவரை வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பிறந்து ஒரு வாரம்தானே ஆகிறது? குழந்தைக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.